தங்கச்சியின் ரூலோட்

ரூலோட்டுக்குச் சுவர் மெல்லியது என்பதற்காகத்தான் என் தங்கச்சி அதை வாங்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ரூலோட் என்றால் காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துப் போகும் வீட்டு வண்டி. உள்ளே கட்டில், அடுப்பு, சின்னக் குளிர்ப்பெட்டி எல்லாம் இருக்கும். சுவர் என்று பெயர்தான். இரண்டு மெல்லிய தகடும் நடுவில் கொஞ்சம் ரெஜிபோம் நுரையும். உள்ளே ஒருவர் இருமினால் பக்கத்துக் கூடாரத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார்.

அவளும் மச்சானும் இருந்த வீடு இத்தாலியில், அல்பெர்கேரியாவில், சந்தைக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில். பழைய கல் வீடு. யன்னலோரம் நின்று கையை நீட்டினால் சுவரின் தடிப்பைத் தாண்டி விரல்கள் வெளியே தெரியாது. அந்தச் சுவர்களுக்குள் மச்சான் அவளை அடிப்பார்.

எனக்கு அது தெரியும். ஒருமுறை மீன் கொண்டுபோய்க் கொடுக்க அந்த மாடிப்படி ஏறினேன். கதவைத் தட்டும்வரை உள்ளே எதுவும் கேட்கவில்லை. மச்சான் சிரித்துக்கொண்டு கதவைத் திறந்தார். "வா மச்சான், நல்ல நேரத்துக்கு வந்தனீ, தேத்தண்ணி குடிப்பம்" என்றார். தரையில் உடைந்த கோப்பைகள். தங்கச்சி குசினிக்குள்ளிருந்து வாயில் துவாயை வைத்துக்கொண்டு வந்து மீனை வாங்கிக்கொண்டு போனாள். துவாய் வெள்ளை நிறம். அது எங்கெங்கே சிவந்திருந்தது என்பது இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது. நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன். எனக்கு ஆட்களோடு கதைக்க வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

வெளியே பார்த்தால் மச்சானைப்போல நல்ல மனிதர் இல்லை. உணவகக் குசினியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வரும் வயது போனவர்களுக்குக் கதிரை எடுத்துப் போடுவார். பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுப்பார். ஆட்களுக்கு முன்னால் தங்கச்சியோடு குரலை உயர்த்தியதே இல்லை. தங்கச்சி பிடித்துக்கொண்டது அந்த ஒன்றைத்தான்.

"அண்ணை, ஆக்கள் பாக்கினமெண்டா அந்த மனுசன் கை நீட்டாது" என்று போனில் சொன்னாள். "ஓகஸ்டில உங்கட காம்பிங்கில ரெண்டு கிழமை நிப்பம். சுத்திவர சனம். அவருக்கு அடிக்க ஏலாது. ரெண்டு கிழமை அடிக்காமல் இருந்து பழகினா வீட்டிலயும் அப்பிடியே இருப்பார்."

"இருக்காட்டி?"

"அவ்வளவு சனத்துக்கு முன்னாலயும் அடிச்சாரெண்டா, பிறகு நான் அந்த மனுசனோட இல்லை. அது முடிஞ்சுது" என்றாள்.

விடுமுறைக்கு ஆட்கள் வந்து கூடாரம் அடித்தும் ரூலோட் நிறுத்தியும் தங்குகிற, ஸ்ஃபெர்ராகவால்லோவில் கடலோரமாக இருக்கும் அந்தக் காம்பிங்கில்தான் நான் வேலை செய்கிறேன். கழிவறை கழுவுவது, குப்பை அள்ளுவது, வருகிறவர்களின் ரூலோட்டை மட்டம் பார்த்து நிறுத்தக் கை கொடுப்பது. சாமான் அறைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சின்ன அறை தந்திருக்கிறார்கள். வருடம் முழுக்க அதில்தான் படுக்கிறேன். தங்கச்சி வருகிறாள் என்று முதலாளியிடம் கேட்டபோது அவர், "இடம் தாறன். ஆனா சண்டை எண்டு ஒண்டு வந்தா அவையும் போவினம், நீயும் போவாய்" என்றார். அவர் சொன்னது இத்தாலி மொழியில். என் காதில் அது இப்படித்தான் விழுந்தது.

கிடைத்த இடம் சரிவானது. ரூலோட் சரிவில் நின்றால் கதவு தானாகத் திறக்கும், தொட்டியில் தண்ணீர் போகாது, குளிர்ப்பெட்டி வேலை செய்யாது, படுத்தால் இரத்தம் தலைக்கு ஏறும். ஆகவே மேசன்மார் வைத்திருக்கும் ரசமட்டத்தைத் தரையில் வைத்துப் பார்த்து, முதலில் இடம் வலம் சரி செய்யவேண்டும். பதிந்திருக்கும் பக்கத்துச் சக்கரத்தை, எங்கள் பேச்சில் சில்லை, பலகைமேல் ஏற்றி, சில்லு உருளாமல் முன்னும் பின்னும் கட்டை அடிக்கவேண்டும். பிறகு காரிலிருந்து கழற்றி, முன்பக்கக் கம்பியில் இருக்கும் சின்னச் சில்லைத் திருகி, முன் பின் சரி செய்யவேண்டும். கடைசியில்தான் நான்கு மூலையிலும் இருக்கும் கால்களை இரும்புக் கைபிடியால் சுழற்றி இறக்குவது. அந்தக் கால்கள் ஆடாமல் பிடிப்பதற்கு மட்டும்தான். பாரம் தாங்கா.

சரிவின் கீழ்ப்பக்கம் பல்லாரோ சந்தையில் வாள்மீன் வெட்டி விற்கும் ஒருவர் குடும்பத்தோடு இருந்தார். ஒவ்வொரு ஓகஸ்டும் அதே இடத்துக்கு வருவார். இரண்டு வளர்ந்த மகன்கள். மனைவி கதைத்தால் வாசல்வரை கேட்கும். பெரிய துணிப்பந்தல் கட்டி, கீழே மேசைகளை வரிசையாகப் போட்டுச் சாப்பிடுவார்கள்.

மச்சான் தங்கச்சியோடு தன் கூட்டாளியின் வானில் ரூலோட்டைக் கொளுவிக்கொண்டு மத்தியானம் வந்து சேர்ந்தார். வழியில் இரண்டுதரம் நின்றதாம். வெயில் மண்டையைப் பிளந்தது. இறங்கும்போதே அவர் முகம் கறுத்திருந்தது. வாள்மீன்காரரின் மனைவி கீழேயிருந்து கையசைத்தபோது மட்டும் பல் தெரியச் சிரித்தார்.

"என்ன மச்சான், மலை உச்சியில இடம் பிடிச்சு வச்சிருக்கிறாய்?"

"இதுதான் கிடைச்சுது."

"வாயைத் திறந்து கேட்டா எல்லோ நல்ல இடம் தருவாங்கள். நீ வாயில கொழுக்கட்டையோட நிண்டிருப்பாய்."

நான் பலகையை எடுத்து வைத்தேன். கூட்டாளி வானை மெல்லப் பின்னுக்கு எடுக்க, இடது சில்லு பலகையில் ஏறியது. கட்டைகளை அடித்தேன். வானைக் கழற்றியதும் கூட்டாளி வேலைக்கு நேரமாகிறதென்று போய்விட்டான். முன் சில்லைத் திருகி மட்டம் பார்த்தேன். ரசமட்டத்தின் குமிழி நடுவுக்கு வந்து நின்றது. இரும்புக் கைபிடியைக் கையில் எடுத்துக்கொண்டு மூலைக் கால் ஒன்றின் பக்கம் குனிந்தேன். துருப்பிடித்து இறுகியிருந்தது. மச்சான் வந்து குதிக்காலால் அதை உதைத்தார். இன்னொருமுறை உதைத்தார். ரூலோட் முழுதும் அதிர்ந்தது. உள்ளே ஏதோ விழுந்து உடைந்தது. சாமான் அடுக்கிக்கொண்டிருந்த தங்கச்சி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னடி பாக்கிறாய்? இறங்கு" என்றார். கீழ்ப்பந்தலில் இருந்தவர்கள் பார்ப்பதைக் கண்டதும் சிரித்துக்கொண்டு அவள் தோளில் கைபோட்டார். பார்ப்பவர்களுக்கு அது அணைப்பு. நான் பக்கத்தில் நின்றேன். அவருடைய பெருவிரலும் சுட்டுவிரலும் அவளுடைய மேற்கைச் சதையைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தன. அவளும் சிரித்தாள். சிரித்தபடி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையின் பொருள் எனக்கு விளங்கியது: இது கணக்கில்லை, அண்ணை. இது அடி இல்லை.

அப்போதுதான் மச்சானுக்கு எலுமிச்சம்பழம் நினைவுக்கு வந்தது.

எங்கள் ஊரில் புது வண்டி வந்தால், டிராக்டரோ மோட்டார் சைக்கிளோ, பாதர் வந்து தீர்த்தம் தெளிப்பார். பாதர் போனபிறகு சில்லுகளுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசித்து, தேங்காய் உடைப்போம். பாதருக்கும் தெரியும். கேட்டுக்கொள்ளமாட்டார். நானும் அதைச் செய்யவேண்டும் என்றுதான் நினைத்தேன். எலுமிச்சம்பழம் நசிக்காத வண்டியில் படுப்பதென்றால் எனக்கும் மனம் ஒப்பாது. ஆனால் அதற்கு வண்டி நகரவேண்டும். இந்த வண்டியை இப்போதுதான் நிறுத்திக் கட்டை அடித்திருந்தோம்.

"வழியில செய்திருக்கவேணும்" என்றார் மச்சான். "நீயெல்லோடி ஞாபகப்படுத்தியிருக்கவேணும்."

"நாளைக்குச் செய்வமே. வான் வரட்டும்" என்றாள் தங்கச்சி.

"இண்டைக்கு இதுக்குள்ள படுத்து ஆர் சாகிறது? நீயோ?"

கழிவறைப் பக்கம் எலுமிச்சை மரங்கள் நின்றன. மச்சான் போய் இரண்டு பழங்கள் பறித்து வந்தார். ஊரில் எலுமிச்சம்பழம் ஒரு கைக்குள் அடங்கும். சில்லு தொட்டாலே சாறு தெறிக்கும். இவை ஒவ்வொன்றும் என் முஷ்டியளவு. தோலே விரல் தடிப்பு. ஆனாலும் எங்களில் ஒருவருக்கும் அந்த வித்தியாசம் உறைக்கவில்லை. எலுமிச்சம்பழம் என்றால் எலுமிச்சம்பழம்தானே என்று மூவரும் நின்றோம்.

சில்லுகளின் பின்பக்கக் கட்டைகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பழங்களை வைத்தார். தங்கச்சியிடம் தேங்காயைக் கொடுத்துப் பக்கவாட்டில் நிற்கச் சொன்னார்.

"மச்சான், வான் இல்லாமல் வேண்டாம்" என்றேன். "சரிவு."

"நாலாம் வகுப்போட நிண்டது எனக்குப் பாடம் எடுக்குது" என்று தங்கச்சியைப் பார்த்துச் சொன்னார். "ஒரு சாண் உருண்டாக் காணும். நான் பிடிப்பன். நீ பிறேக்கை எடு."

நான் முன்பக்கக் கம்பியிலிருந்த கைபிறேக்கைத் தளர்த்தினேன். வண்டி அசையவில்லை. பழங்கள் கட்டைகளைப்போல அதைத் தாங்கிக்கொண்டு நின்றன. மச்சான் முன்பக்கக் கம்பியில் தோளைக் கொடுத்துத் தள்ளினார். அசையவில்லை. கீழ்ப்பந்தலில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவர் காதில் விழுந்தது. கழுத்து நரம்பு புடைக்க, கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிக்கொண்டு முழுப் பலத்தோடும் இடித்தார்.

இடது பழம் நசியவில்லை. சோப்புக்கட்டிபோலப் பலகையிலிருந்து வழுக்கிப் பறந்தது. சில்லு பலகையிலிருந்து தொப்பென்று இறங்கியது. வலது பழத்தின் மேல் மற்றச் சில்லு ஏறி இறங்கியது. அதன்பிறகு அந்த வண்டியை யாராலும் பிடிக்க முடியவில்லை. நான் பிறேக்கை இழுக்கக் கையை நீட்டினேன். கம்பி என் விரல்களுக்கு நடுவிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது.

பந்தலுக்குள் இருந்தவர்களுக்கு எழும்பக்கூட நேரமில்லை. ரூலோட் பின்பக்கமாகப் போய்ப் பந்தல் கால்களை ஒவ்வொன்றாக முறித்தது. மேசை பிளந்தது. கொதித்துக்கொண்டிருந்த பாஸ்தாப் பானை கவிழ்ந்து மூத்த மகனின் காலில் ஊற்றியது. அவன் போட்ட கூச்சல் மனிதக் கூச்சல்போல இல்லை. வண்டி ஒரு பைன் மரத்தில் மோதி நின்றது. விழுந்த துணிக்கடியிலிருந்து வாள்மீன்காரர் நெற்றி பிளந்து இரத்தம் கண்ணுக்குள் ஓட எழும்பி வந்தார்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. நேரே மேலே வந்து மச்சானின் குரல்வளையைப் பிடித்தார். வாள்மீனைத் தோளில் சுமக்கிற கைகள் அவை. மச்சான் கால் நிலத்திலிருந்து எழும்பியது. இளைய மகன் பக்கத்திலிருந்து முகத்தில் குத்தினான். மூக்கு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் குறுக்கே போனேன். இன்னொரு குத்து என் வாயில் விழுந்தது. பல்லொன்று நாக்கில் கிடந்தது. கீழே விழுந்த என்னை யாரோ மிதித்தார்கள். பக்கத்துக் கூடாரங்களிலிருந்தும் ஆட்கள் ஓடி வந்தார்கள். "கொல்லு அவனை" என்று பெண் குரல் ஒன்று கத்தியது. அது வாள்மீன்காரரின் மனைவி.

தங்கச்சி தேங்காயோடு சண்டைக்குள் புகுந்தாள். வாள்மீன்காரரின் கையைப் பிடித்துத் தொங்கினாள். "பாஸ்தா! பாஸ்தா!" என்று அழுதாள்; இத்தாலியில் அது போதும் போதும். "மன்னியுங்கோ, என்ர புருசன், விடுங்கோ."

பெண் ஒருத்தி கையில் தொங்குவதைக் கண்டு வாள்மீன்காரர் விட்டுவிட்டார். மச்சான் நிலத்தில் இருந்து இருமினார். எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். சுடுதண்ணீர் பட்ட பையனின் காலில் யாரோ குழாயால் தண்ணீர் பீச்சினார்கள். அவ்வளவோடு முடிந்திருக்கவேண்டும்.

மச்சான் எழும்பினார். மூக்கிலிருந்து இரத்தம் தாடைவரை வந்திருந்தது. சுற்றி நின்ற அத்தனை பேரையும் பார்த்தார். பார்த்துவிட்டுத் தங்கச்சி பக்கம் திரும்பினார்.

"உன்ர வாய்தான்டி" என்றார். "நாளைக்கு நாளைக்கெண்டு நிண்ட உன்ர நாறல் வாய்தான்."

முஷ்டியால் கன்னத்தில் குத்தினார். அவள் சில்லு இறங்கிய பலகையின் மூலையில் தலை அடிபட விழுந்தாள். தேங்காய் உருண்டு போனது. விழுந்தவளின் விலாவில் உதைத்தார். அந்தத் துருப்பிடித்த காலை உதைத்தாரே, அதே குதிக்காலால், அதே மாதிரி.

ஒருவரும் அசையவில்லை. தங்கச்சி கையை ஊன்றித் தலையை நிமிர்த்தி, அவரைப் பார்க்காமல் சுற்றி நின்ற சனத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவள் போட்ட கணக்கு அதுதான். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் மறுபடியும் காலை ஓங்கினார்.

மூலைக் கால்களைச் சுழற்றும் அந்த இரும்புக் கைபிடி நான் விழுந்த இடத்தில் கிடந்தது. அதை எடுத்ததோ எழும்பியதோ எனக்கு நினைவில்லை. அடித்தது நினைவிருக்கிறது. அவருடைய வலது கையில், முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில். பச்சை விறகு முறிவதுபோல இருந்தது. கை வேறு பக்கமாகத் தொங்கியது. அவர் வாயைத் திறந்தார், சத்தம் பிந்தித்தான் வந்தது. நான் இரண்டாவது முறை ஓங்கினேன். அது தலைக்கு. பின்னாலிருந்து வாள்மீன்காரர் என் மணிக்கட்டைப் பிடித்திராவிட்டால் அது இறங்கியிருக்கும்.

"போதும்" என்றார் என் காதுக்குள். "ஒண்டு காணும்."

முதலாளி வந்து சேர்ந்தார். முறிந்த பந்தல், இரத்தம், நிலத்தில் சுருண்டு கிடந்து கத்தும் மச்சான், கையில் இரும்போடு நிற்கும் நான். "ஆர் செய்தது?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்கமுன் வாள்மீன்காரர் சொன்னார்: "ரூலோட் உருண்டுது. அவர் பிடிக்கப் போனார். கை மாட்டிப்போச்சு."

"அவளுக்கு முகத்தில?"

"அதை மட்டும் அவன் செய்தவன்" என்றார் மனைவி. சற்று முன் கொல்லு என்று கத்தியவர். "நாங்கள் எல்லாரும் பாத்தனாங்கள். இந்தப் பாவம் இவன் ஒண்டும் செய்யேல்லை." சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

முதலாளி என் கையிலிருந்த இரும்பைப் பார்த்தார். "அதைக் கொண்டுபோய் வைக்கிற இடத்தில வை" என்று மட்டும் சொன்னார்.

அம்புலன்ஸ் வந்தது. வெந்த காலோடு பையனை முதலில் ஏற்றினார்கள், பிறகு மச்சானை. சீருடைப் பெண் தங்கச்சியிடம், "நீங்கள் மனைவியா? நீங்களும் ஏறுங்கோ. முகத்தைக் காட்டவேணும்" என்றாள். மச்சான் உள்ளேயிருந்து, "வாடி" என்றார். வலியில் குரல் நைந்திருந்தது. ஏறிவிடுவாள் என்றே நினைத்தேன். அவர் கூப்பிட்டால் எத்தனையோமுறை அப்படித்தான் போயிருக்கிறாள்.

"நான் வேற வண்டியில வாறன்" என்றாள் தங்கச்சி.

வேறு வண்டி என்பது வாள்மீன்காரரின் மீன் வான். அவர் மனைவி, உறைந்த இறால் பையொன்றைத் தங்கச்சியின் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டு, மகனையும் பார்க்கவேண்டுமே என்று வழி முழுக்கத் திட்டிக்கொண்டு வந்தார். திட்டு எங்களுக்கும் சேர்த்துத்தான். ஆஸ்பத்திரியில் வைத்தியர் தங்கச்சியிடம் எப்படி நடந்தது என்று கேட்டார். கதவு, மாடிப்படி, அலுமாரி என்று அவள் வழமையாகச் சொல்கிற எதையும் சொல்லவில்லை. "புருசன் அடிச்சவர்" என்றாள். அவர் அதைப் பதிந்துகொண்டார். விலா எலும்பில் வெடிப்பு இருந்தது.

அடுத்த நாள் ரூலோட்டை மேலே ஏற்றினோம். என் பல்லை உடைத்த இளைய மகன் ஒரு பக்கம் தள்ளினான், நான் ஒரு பக்கம். அவன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. சில்லுப் பள்ளத்தில் நசுங்கிய பழத்தைக் கண்ட வாள்மீன்காரர், இது ஏன் என்று கேட்டார். என் இத்தாலியில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு சொன்னேன். அவர் நெற்றித் தையலைத் தடவினார்.

"விபத்து வராமல் இருக்கவோ?"

"ஓம்."

"மதோன்னா!" என்று மாதாவைக் கூப்பிட்டார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மீண்டும் மட்டம் பார்த்து, கட்டைகளை அடித்து, நான்கு கால்களையும் இறக்கினேன். வீங்கிய கன்னத்தோடு தங்கச்சி உள்ளே படுத்துப் பார்த்தாள். "தலைமாடு இன்னும் கொஞ்சம் உயரட்டும் அண்ணை" என்றாள். உயர்த்தினேன். உடைக்காமல் கிடந்த தேங்காயை முன்பக்கக் கம்பியில் ஒரே போடாகப் போட்டு உடைத்து, சம்பல் செய்து கீழே வாள்மீன்காரர் குடும்பத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். சூடுபட்ட பையன் கட்டுப் போட்ட காலோடு இருந்து உறைப்பில் அழுதழுது சாப்பிட்டான்.

மச்சான் அந்த மாதம் முடியமுன் வந்தார். கையில் மாவுக்கட்டு. சவரம் செய்து, பூசைக்குப் போடும் சட்டை போட்டிருந்தார். ரூலோட் படிக்குக் கிட்ட வந்து, எனக்கே சரியாகக் கேட்காத மெல்லிய குரலில், "வா, வீட்டை போவம். இனி ஒண்டும் நடக்காது" என்றார். நான் சாமான் அறை வாசலில் நின்றேன். அந்த இரும்பு உள்ளே ஆணியில் தொங்கியது. அதை நான் எடுக்கவில்லை. எடுக்கவேண்டி வருமோ என்று கை அரித்தது.

தங்கச்சி படியில் நின்றாள். கன்னம் மஞ்சள் பூத்திருந்தது.

"சத்தமாக் கதையுங்கோ" என்றாள்.

"என்ன?"

"சத்தமாக் கதையுங்கோ. எல்லாருக்கும் கேக்கட்டும். ஏன் கூப்பிடுறீங்கள், வீட்டில வச்சு என்ன செய்வீங்கள், எல்லாத்தையும் இத்தாலியில சொல்லுங்கோ. சொன்னா வாறன்."

கீழே முலாம்பழம் வெட்டிக்கொண்டிருந்த வாள்மீன்காரரின் கத்தி நின்றது. அவர் மனைவி கதிரையைத் திருப்பிப் போட்டு வசதியாக உட்கார்ந்தார். பக்கத்து ரூலோட்டில் ரேடியோவைக் குறைத்தார்கள். மச்சான் வாயைத் திறந்தார். எல்லாப் பக்கமும் பார்த்தார். வாயை மூடினார். தங்கச்சி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் நான் நின்ற இடம்வரை கேட்டது.

அவர் கொஞ்ச நேரம் வெயிலில் நின்றார். நல்ல கையால் கதவை ஒருமுறை அறைந்தார். கீழே கதிரைகள் பின்னுக்குத் தள்ளப்படும் சத்தம் கேட்டதும் திரும்பி நடந்தார். வாசலைத் தாண்டும்வரை நான் பின்னாலேயே போனேன்.

திரும்பி வந்தபோது உள்ளேயிருந்து கேட்டாள்.

"அண்ணை, போயிட்டாரோ?"

"ஓம். போயிட்டார்."

"அப்ப கதவைத் திறக்கிறன். இதுக்குள்ள அவிஞ்சுபோனன்."